கீமோ அன்னைக்கு சாயங்காலம் அம்மாவுக்கு சுகர் 386, மூணாம் நாள் ராத்திரி 58, என்ன செய்யன்னு தெரியல

செங்கோட்டை_மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயசு, மார்புல கட்டி, ஆபரேஷன் முடிஞ்சு இப்பம் திருவனந்தபுரத்துல வாராவாரம் பாக்லிடாக்சல்ங்குற கீமோ மருந்து போடுதாங்க, இதுவரை நாலு முடிஞ்சிருக்கு. சுகர் 14 வருஷமா இருக்கு, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுதாங்க, கீமோவுக்கு முன்னாடி நல்லா கன்ட்ரோல்லதான் இருந்துச்சு. இப்பம் காலைல வெறும் வயித்துல பாத்தா 130தான் காட்டுது, ஆனா போன வாரம் கீமோ முடிஞ்சு குளத்துப்புழா வழியா பஸ்ல வீட்டுக்கு வந்து சேந்தப்போ தண்ணியா குடிச்சிட்டே இருந்தாங்களேன்னு சும்மா குத்திப் பாத்தேன், 386. பயந்துபோய் தெரிஞ்ச மருந்துக்கடைல கேட்டேன், கிளிமிபிரைடை ரெண்டு வேளையாக்குங்கன்னாங்க, நானும் குடுத்துட்டேன். மூணாம் நாள் ராத்திரி ரெண்டரை மணிக்கு அம்மா கூப்பிட்ட சத்தம் கேட்டு போய் பாத்தா நைட்டி வேர்வைல நனைஞ்சு கிடக்கு, கை நடுங்குது, என் பேரைக்கூட சொல்லத் தெரியல, மெஷின்ல 58. சக்கரைய கரைச்சு குடுத்துத்தான் தெளிஞ்சாங்க. இதுக்கு நடுவுல சித்தி வந்து கேன்சருக்கு சக்கரைதான் தீனி, சோறு பழம் எல்லாத்தையும் நிறுத்துன்னு சொல்லிட்டு போயிட்டாங்க, அம்மாவும் மூணு நாளா ரெண்டு கோதுமை தோசையோட எந்திச்சிருதாங்க, ஒரு மாசத்துல 4 கிலோ குறைஞ்சுட்டாங்க. வெள்ளிக்கிழமை அடுத்த கீமோ.

பாறசாலை_நர்ஸ்:
தங்கச்சி, அம்மாக்க சுகர் கெட்டுப்போகல்ல, அது டெக்ஸா பண்ணுற வேலை. பாக்லிடாக்சல் ஏத்துறதுக்கு முன்னால அலர்ஜி வராம இருக்கியதுக்கு டெக்ஸாமெத்தசோன் போடுவோம், வாந்திக்கும் அதுதான். அது ஸ்டீராய்டு. காலைல போட்டா மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஏற ஆரம்பிச்சு சாயங்காலமும் ராத்திரியும்தான் உச்சத்துல நிக்கும், விடியக்காலம் இறங்கியிருக்கும், அதனாலதான் வெறும் வயித்துல மட்டும் பாக்கியவங்களுக்கு ஒண்ணும் தெரியாமலே போகுது. ஒரு நாள் ரெண்டு நாள் அப்படி இருந்துட்டு டெக்ஸா உடம்ப விட்டுப் போயிரும். நீங்க கூட்டுன மாத்திரை மூணாம் நாளும் அதே வேகத்துல இழுக்கும், அம்மாவும் சாப்பிடல்ல, பிறகு 58 வராம என்ன செய்யும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையெல்லாம் ஆளு சாப்பிட்டாலும் சாப்பிடாட்டாலும் இன்சுலினை சுரக்க வச்சுட்டே இருக்கும், கீமோல வாய் கசந்து கிடக்கியவங்களுக்கு அதுதான் ஆபத்து.

வெள்ளிக்கிழமை போனதும் முதல்ல டாக்டர்கிட்ட ராத்திரி 58 ஆன கதைய சொல்லுங்க, டெக்ஸா போடுற நாளுக்கு தனியா ஒரு கணக்கும் மத்த நாளுக்கு தனியா ஒரு கணக்கும் எழுதிக் கேளுங்க. சில பேருக்கு அந்த ரெண்டு நாளைக்கு மட்டும் காலைல ஒரு இன்சுலின் குடுப்பாங்க, இன்சுலின்னா இனி வாழ்நாள் பூரா ஊசின்னு அம்மா பயப்பட வேண்டாம். சாப்பிட முடியாத அன்னைக்கு எந்த மாத்திரைய விடணும்னும் கேட்டு வாங்கிருங்க, வாந்தி பேதி வந்தா மெட்ஃபார்மினையும் நிறுத்தச் சொல்லுவாங்க. டாபாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரை சாப்பிடுற வேற யாராச்சும் இத படிச்சா, சாப்பாடு இறங்காத நாள்ல உடனே டாக்டர கேளுங்க, அதுல சுகர் ரொம்ப ஏறாமலே ரத்தத்துல கீட்டோன்ங்குற அமிலம் ஏறி மூச்சு வாங்க வச்சிரும், நேர்ல பாத்திருக்கேன்.

புளியரை_அண்ணாச்சி:
சித்தி சொன்னதுக்கு நான் சொல்லுதேன்மா, எங்க வீட்டுக்காரிக்கு இதே பேச்ச கேட்டு ரெண்டு மாசம் சோறே போடாம வச்சிருந்த பாவி நான். பெட் ஸ்கேன்ல சக்கரை மாதிரி ஒரு மருந்த ஏத்தி கட்டி இருக்க இடத்த பாக்காங்க, அத வச்சுத்தான் இந்தப் பேச்சு கிளம்பியிருக்கு. ஆனா உடம்புல எல்லா உறுப்பும் சக்கரைலதான் ஓடுது, நாம சாப்பிடாட்டா ஈரல் தானா செஞ்சு ரத்தத்துல விட்டுரும், கட்டி பட்டினி கிடக்காது, ஆளுதான் மெலியும். அவளுக்கு வெயிட் குறைஞ்சு ரத்தமும் குறைஞ்சு ஒரு கீமோ தள்ளியே போச்சு. பெறகு டயட்டீசியன் சொன்னபடி ரெண்டு முட்டை, மீன், பாசிப்பயறு, மோரு, சோறு ஒரு அகப்பைன்னு ஆறு தடவையா பிரிச்சுக் குடுத்தோம், கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) நேந்திரம்பழமும் மட்டும் குறைச்சோம். பெட் ஸ்கேன் எடுக்கப் போற அன்னைக்கு மட்டும் சுகர் 200க்கு கீழ இருக்கணும், நாங்க 240ஓட போய் நின்னு அன்னைக்கு எடுக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பி, நெடுமங்காடு மடத்தறை வழியா அவள தோள்ல சாச்சுக்கிட்டு வெறுங்கையோட வந்தோம், அத இன்னைக்கும் மறக்க முடியல.

இன்னொன்னு, கால பாருங்க. சுகர்லயும் மரப்பு, இந்த மருந்துலயும் மரப்பு. வாசல் தெளிச்சு கோலம் போட வெறுங்காலோட போனவளுக்கு குதிகால்ல ஊக்கு ஏறி ரெண்டு நாளா உள்ளயே இருந்திருக்கு, சாக்ஸ்ல சீழ பாத்துத்தான் எனக்கே தெரியும், அவளுக்கு வலியே இல்ல. அதுல இருந்து தினமும் ராத்திரி டார்ச் அடிச்சு உள்ளங்கால நான்தான் பாக்கேன்.

தென்மலை_ராஜி:
எங்க அப்பாவுக்கு ரத்தம் ஏத்தின பிறகு மூணு மாச சுகர் டெஸ்ட் 6.1 வந்துச்சு, நாங்க சந்தோஷப்பட்டோம். டாக்டர் பாத்துட்டு இத நம்பாதீங்க, ரத்தம் ஏத்தினாலும் சோகை இருந்தாலும் அந்தக் கணக்கு தப்பும், வீட்டு மெஷின்ல பாத்து எழுதிட்டு வாங்கன்னார். அப்புறம் குத்தறதுக்கு முன்னாடி அம்மா கைய சோப்பு போட்டு கழுவி துடைக்கச் சொல்லுங்க அக்கா, அப்பா பலாச்சுளை உரிச்ச கையோட குத்தி 310 காட்டி வீடே அலறிப்போச்சு, கழுவிட்டு குத்தினா 164.

பாறசாலை_நர்ஸ்:
ராஜி சொன்னது ரொம்ப சரி. தங்கச்சி, ஒண்ணு விட்டுட்டேன், 70க்கு கீழ போனா மூணு டீஸ்பூன் சக்கரைய தண்ணில கரைச்சுக் குடுத்துட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்பவும் பாக்கணும், ஏறினதும் பிஸ்கட்டோ கஞ்சியோ குடுக்கணும், கிளிமிபிரைடு உள்ள இருக்கியதுனால ஒரு தடவ ஏறினதும் படுத்துறக்கூடாது, மறுபடி இறங்கும். நினைவு இல்லன்னா வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, நேரா ஆஸ்பத்திரிதான். காய்ச்சல் 100.4 தாண்டினாலும் விடியட்டும்னு இருக்கக்கூடாது, கீமோல வெள்ளணு குறைஞ்சிருக்கும், அதோட சுகரும் ஏறி நின்னா கிருமி சீக்கிரம் பரவும்.

செங்கோட்டை_மகள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வெள்ளிக்கிழமை போய் எல்லாத்தையும் சொன்னேன். கிளிமிபிரைடை நிறுத்திட்டாங்க, கீமோ அன்னைக்கும் மறுநாளும் காலைல மட்டும் இன்சுலின், பென் ஊசி எப்படி போடன்னு அங்கேயே சொல்லிக் குடுத்தாங்க. அன்னைக்கு சாயங்காலம் 5 மணிக்கு 242, ராத்திரி 9க்கு 218, மூணாம் நாள் காலைல 121, ராத்திரி முழுக்க முழிச்சிருந்து ரெண்டு தடவ குத்திப் பாத்தேன், இறங்கல. அண்ணாச்சி, மதினி கால பாத்துக்கோங்க, நானும் டார்ச் வாங்கிட்டேன். அம்மா நேத்து மத்தியானம் மீன் குழம்பு ஊத்தி ஒரு அகப்பை சோறு சாப்பிட்டாங்க, இன்னும் கொஞ்சம் வேணும்னு தட்ட நீட்டினாங்க.