பால்குடிக் குட்டிக்குத் தழும்பு விழுமா, விழாதா?

கிடைவாசி: வெள்ளாட்டுக் குட்டியின் விலாவை முள்கம்பி கிழித்துவிட்டது. "பால்குடிக்குத் தழும்பு நிற்காது, விடு" என்கிறார் பக்கத்துக் கிடைக்காரர். சரி என்றுதான் எனக்கும் படுகிறது. தாய் வயிற்றிலிருக்கும் குட்டிக்குக் காயம் தழும்பில்லாமல் ஆறும் என்று ஆய்வே இருக்கிறதே.

நீலவேணி: வயிற்றிலிருக்கும்போது சரி அண்ணா. அதுவும் சினைக்காலத்தின் முதல் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான். செம்மறிக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். 100 நாள் வாக்கில் கீறிய காயம் சுவடில்லாமல் ஆறும். கடைசி மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே தழும்பு விழும். பிறந்த குட்டி அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வெளியே வருகிறது.

பாறைமேடு: தோலுக்கு இதில் வேலையே இல்லை. பனிக்குடநீர்தான் காரணம். கிருமி கிடையாது, காயம் காயாது, திசுவை ஈரமாக வைக்கும் ஹயலுரானிக் அமிலம் வேறு நிறைய.

நீலவேணி: அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். வளர்ந்த செம்மறியின் தோலை வயிற்றிலிருக்கும் குட்டியின் முதுகில் ஒட்டவைத்து, பிறகு அதைக் கீறினார்கள். லாங்கேக்கர் என்ற ஆய்வாளரின் குழு 1994-ல் வெளியிட்டது. அதே நீரில் குட்டியின் சொந்தத் தோல் சுவடில்லாமல் ஆறியது, ஒட்டிய தோலில் தழும்பு விழுந்தது. இன்னொன்று, தென் அமெரிக்காவின் குட்டைவால் ஒப்போசம் என்ற சிறு விலங்கு. இரண்டே வாரச் சினையில் அரைகுறைத் தோலோடு பிறந்து தாயின் காம்பைப் பற்றிக்கொள்ளும். பனிக்குடநீர் இல்லை, கிருமி உண்டு. அப்படியும் பிறந்த முதல் சில நாட்களில் பட்ட காயம் தழும்பின்றி ஆறுகிறது. தோல் முதிர்ந்தபின் அப்படி ஆறுவதில்லை.

பாறைமேடு: அந்த நாட்களில் காயத்தில் வீக்கம் உண்டாக்கும் அழற்சி அணுக்களும்தான் முதிர்கின்றன. அதுதான் காரணம் என்று ஏன் சொல்லக்கூடாது?

நீலவேணி: அழற்சிக்குப் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் தோலுக்குள்ளேயே ஆள் மாறுகிறதே. எலியின் முதுகில் தழும்புக்கான கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கொட்டுவது, என்கிரெய்ல்டு-1 என்ற மரபணு இயங்கிய செல்களின் வழிவந்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள், அதாவது நார் சுரக்கும் செல்கள். கரு வளர வளர அவற்றின் பங்கு கூடுகிறது. 2015-ல் காட்டினார்கள்.

கிடைவாசி: அப்படியென்றால் குட்டிகளுக்குக் காயம் பட்ட இடமே தெரியாமல் போகிறதே, அது எப்படி?

நீலவேணி: குட்டிக்குத் தோல் தளர்வு. காயத்தின் ஓரங்கள் இழுபட்டுச் சீக்கிரம் மூடிக்கொள்ளும், மேலே முடி மறைக்கும். முடியை விலக்கித் தடவிப் பாருங்கள், கோடு கையில் தட்டும். அந்தக் கோட்டில் முடி முளைத்திருக்காது. சீக்கிரம் ஆறுவது வேறு, தழும்பில்லாமல் ஆறுவது வேறு. அதைவிட, கம்பி கிழித்த காயம் என்கிறீர்கள். ஆடுகளுக்கு இரணஜன்னி எளிதில் வரும், ஈ மொய்த்தால் புழுவும் வைக்கும். இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தையல் போடுவதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும்.