பெங்களூரில் சிலை ஆர்டர்: எடைக் கணக்கு, பணம் வாங்கும் கட்டங்கள், ஒப்பந்தம்

கேள்வி (உளிச்சத்தம்):
மாமல்லபுரத்தில் படித்துவிட்டு இங்கே பட்டறை போட்டிருக்கிறேன். இரண்டு ஆர்டர் பேச்சில் இருக்கிறது. ஒயிட்ஃபீல்டு அப்பார்ட்மென்ட் லாபிக்கு 4 அடி கருங்கல் சிலை. ஒரு சங்கத்துக்கு, சர்க்கிளில் (சாலைச் சந்திப்பில்) வைக்க, இரண்டரை அடி வெண்கல மார்பளவுச் சிலை. வெண்கலத்துக்கு எடை எப்படிக் கணக்கிடுவது? சங்கத்தார் 60 சதவீதம் முன்னால், மீதி 40 திறப்பு விழா அன்று என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

பதில் 1 (உலைமூக்கு):
தம்பி, வெண்கலத்துக்கு அடிக்கணக்கில் விலை சொல்லாதீங்க. களிமண் உருவத்தில் ரப்பர் அச்சு எடுத்து, அதில் மெழுகு உரு செய்து, அந்த மெழுகு இருந்த இடத்தில்தானே உலோகம் ஊற்றுறோம்; அதனால் மெழுகை எடை போட்டுப் பாருங்க: 1 கிலோ மெழுகுக்கு 9 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே உலோகம் பிடிக்கும். சிலையின் சுவர் 5 மி.மீ தடிமன் வைத்தால் இந்த அளவுக்கு ஏறக்குறைய 4 கிலோ மெழுகு, அதாவது 37 கிலோ உலோகம். ரன்னர் (உலோகம் ஓடும் வழி), கப்புக்கும் (ஊற்றும் வாய்) சேர்த்து 50 கிலோ உருக்கணும்.

செம்பு 85, வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் தலா 5 என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்க. பழைய குழாய், பாத்திரத் துண்டு கலந்தால் துத்தநாகம் ஏறிடும்; ஊற்றும்போது வெள்ளைப் புகை கிளம்பும், பட்டினா (மேற்பரப்புக்கு ரசாயனத்தால் ஏற்றும் நிறம்) போட்டால் திட்டுத்திட்டா நிற்கும். அச்சுக்குள்ள ஈரம் மிச்சமிருந்தா உலோகம் கொதிச்சுத் துப்பும், பெரும்பாலும் காது மடல், மூக்கு நுனியில்தான் ஓட்டை விழும். உலோகம் ஆறினா ஒன்றரை சதவீதம் சுருங்கும். 30 அங்குலத்துக்கு அரை அங்குலம் களிமண்ணிலேயே கூட்டிக்கணும்.

முகம் ஒத்துவரலைன்னு பிறகு தகராறு வராமல் இருக்க, களிமண் நிலையில் சிலைக்குரியவரின் குடும்பத்தாரை நேரில் வரவழைத்து நாலு பக்கப் படத்திலும் கையெழுத்து வாங்குங்க. மாதிரிப் படம் செல்ஃபியாக இருந்தால் மூக்கு பெருத்துத் தெரியும். ஆறடி தள்ளி எடுத்த பக்கவாட்டுப் படம் ஒன்று கட்டாயம் வேணும்.

பதில் 2 (அல்சூர்வாசி):
திறப்பு விழாவோடு பணத்தைக் கட்டாதீர்கள், இதுதான் முக்கியம். அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலையை நினைத்துப் பாருங்கள். 1991-லேயே தயார்; திறந்தது 2009 ஆகஸ்ட் 9. பதினெட்டு வருஷம் மூடியே நின்றது. சிற்பி செய்த வேலையில் குறை எதுவும் இல்லாமலே இது நடக்கும்.

2013 ஜனவரி 18 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி பொதுச் சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க மாநில அரசு அனுமதி தரக்கூடாது. சர்க்கிள் அதில் நேராக அடிபடும். சங்கத்தின் சொந்த இடமா, யார் அனுமதி கொடுத்தார்கள், கடித நகல் எங்கே என்று கேட்டுவிட்டு அட்வான்ஸைத் தொடுங்கள். என் கணக்கு: 40 அட்வான்ஸ், களிமண் ஒப்புதலுக்கு 20, வார்ப்பு முடிந்ததும் 30, பட்டறை வாசலில் வண்டி ஏறும்போது 10. பீடம், கிரேன், நிறுவும் வேலை தனி பில்.

பதில் 3 (கருங்கல்லு):
கல் பற்றி. 4 × 1½ × 1½ அடி பிளாக் 9 கன அடி. கன அடிக்கு 75 கிலோ வைத்தால் 675 கிலோ. செதுக்கின பிறகும் நாலைந்நூறு கிலோ நிற்கும், பீடம் வேற. லாபிக்குக் கீழே பேஸ்மென்ட் பார்க்கிங் இருந்தால் ஸ்லாப் (கான்கிரீட் தளம்) தாங்குமா என்று கட்டட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கடிதம் வாங்குவது அசோசியேஷன் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்க. டைல்ஸ் மேலேயே பீடம் வைக்காதீங்க, அடியில் பொள்ளல் இருந்தால் நொறுங்கும். வெட்டி எடுத்து ஸ்லாப்பில் உட்கார வையுங்க.

பிளாக் வாங்கும்போது முழுசா தண்ணி ஊற்றிட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்க. சுற்றிலும் காய்ந்த பிறகும் ஒரு ஈரக்கோடு மட்டும் நின்றால் அங்கே வெடிப்பு. சுத்தியால் தட்டினா கணீர்னு கேட்கணும். மொத்துன்னு கேட்டா விடுங்க, முகம் செதுக்கும் நேரத்தில்தான் பிளக்கும்.

உளிச்சத்தம்:
நன்றி அண்ணா. ரப்பர் அச்சு தங்களுக்கே வேண்டும் என்கிறது சங்கம். கொடுக்கலாமா?

அல்சூர்வாசி:
கொடுக்காதீர்கள். காசு கொடுத்து வரையச்சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமை ஆர்டர் கொடுத்தவருக்குப் போகும். ஆனால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் அந்த வரிசையில் சிற்பம் இல்லை. தனியார் ஆர்டரில் நீங்கள் எழுதிக் கொடுத்தால் ஒழிய உரிமை உங்களிடம்தான். அரசு வேலைக்கு விதி வேறு. 'ஒரே வார்ப்பு, அச்சு சிற்பியிடம்' என்று ஒரு வரி சேருங்கள். இரண்டாவது வார்ப்பு வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை.