101 வெற்றி எடுத்த அணி நாலே ஆட்டத்தில் வெளியே. சீரிஸை நீட்டலாமா?

சியாட்டில் ஓனர்:
நேற்று இரவு விழித்திருந்தவர்களுக்குத் தெரியும், தூங்கிப்போனவர்களுக்குச் சொல்கிறேன். நம் கம்ப்யூட்டர் பேஸ்பால் லீக்கில் 162 ஆட்டத்தில் 101 ஜெயித்த என் சியாட்டில், 84 வெற்றியோடு வைல்டு கார்டில் (பிரிவில் முதலிடம் பிடிக்காத அணிகளுக்கான இடம்) நுழைந்த கிளீவ்லாந்திடம் 3-1 என்று தோற்றுவிட்டது. நாலு மாதம் வாரத்துக்கு மூன்று ராத்திரி உட்கார்ந்து கட்டிய அணி, டீ ஆறுவதற்குள் காலி. அடுத்த சீசனிலிருந்து ஐந்து ஆட்டச் சீரிஸை (மூன்று ஜெயித்தவுடன் முடிந்துவிடுகிறது) ஏழாக்குங்கள், ஒன்பது என்றாலும் சம்மதம். வாக்கெடுப்பு வையுங்கள்.

கிளீவ்லாந்து ஓனர்:
வாழ்த்து சொல்ல வந்திருக்கிறாய் என்று நினைத்து ஆசையாகத் திறந்தேன் மச்சி. நிஜ பேஸ்பாலில் சியாட்டில் அணியே 2001ல் 116 ஜெயித்துவிட்டு யாங்கீஸிடம் 4-1 என்று போனது. அது ஏழு ஆட்டச் சீரிஸ்தான், கவனி. 2022ல் டாட்ஜர்ஸ் 111 வெற்றி, 89 எடுத்த பாட்ரெஸிடம் அவுட். அடுத்த வருடம் 100 வெற்றியோடு வந்து, 84 எடுத்த அரிசோனாவிடம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 84 ராசியான எண் போல.

சியாட்டில் ஓனர்:
அங்கே டிவி, டிக்கெட், நவம்பர் குளிர் என்று ஆயிரம் நிர்ப்பந்தம். நமக்கு என்ன? சொடுக்கினால் இன்னொரு ஆட்டம் ஓடப்போகிறது. 1903ல் முதல் உலகத் தொடரே ஒன்பது ஆட்டம்தான், 1919 முதல் 1921 வரையிலும் அப்படித்தான் ஆடினார்கள். நான் புதிதாக எதுவும் கேட்கவில்லை.

ஓக்லாந்து கணக்குப்பிள்ளை:
கணக்கு போட்டுவிட்டுச் சண்டை போடுங்கள். 101 வெற்றி அணியும் 84 வெற்றி அணியும் மோதினால், பேஸ்பால் புள்ளிவிவர நிபுணர் பில் ஜேம்ஸின் சூத்திரப்படி பெரிய அணி ஒரு ஆட்டத்தை ஜெயிக்க சுமார் 60 சதவீத வாய்ப்பு. ஐந்து ஆட்டச் சீரிஸை ஜெயிக்க 68. ஏழு என்றால் 71. ஒன்பது என்றால் 73. நாலு ஆட்டம் கூட்டி நீ வாங்குவது அஞ்சு சதவீதம். ஐந்து ஆட்டம் ஆடினால் மூன்றில் ஒரு முறை தோற்பாய், நேற்று அந்த முறை. பேஸ்பால் அப்படிப்பட்ட விளையாட்டு. இது பிடிக்கவில்லை என்றால் பிளேஆஃப் என்கிற இறுதிச் சுற்றுகளே வேண்டாம், 162க்குப் பிறகு கோப்பையைக் கையில் கொடுத்துவிடு என்று கேள். அதற்கு நானும் கை தூக்குவேன், சத்தியமாக.

கிளீவ்லாந்து ஓனர்:
அப்புறம் நானெல்லாம் ஜூலையிலேயே லீக்கை விட்டு ஓடிவிடுவேன். ஆகஸ்ட் முழுக்க நான் அணியை அமைத்து ஃபைல் அனுப்பியதே அந்தக் கடைசி வைல்டு கார்டு இடத்துக்காகத்தான்.

டெட்ராய்ட் அண்ணன்:
தம்பிகளா, நாலு ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரையும் (யார் என்ன செய்தார் என்ற பட்டியல்) இப்போதுதான் திறந்து பார்த்தேன். சியாட்டிலுக்குப் பந்து போட ஆரம்பித்தவர்கள்: இரண்டாம் பிட்சர், மூன்று, நாலு, ஐந்து. உன் ஏஸ், அந்த முதல் பிட்சர், எங்கேப்பா?

சியாட்டில் ஓனர்:
அதற்குத்தான் வருகிறேன்.

மினசோட்டா கமிஷனர்:
நானே சொல்கிறேன். அவன் ரொட்டேஷன், அதாவது பிட்சர்கள் முறை, "வரிசை மாறக்கூடாது" என்று வைத்திருந்தது. சீசனின் கடைசி நாள், ஒன்றுக்கும் உதவாத 162வது ஆட்டத்தை ஏஸ் ஆடினார். முதலிடம் என்பதால் வைல்டு கார்டு சுற்று இவனுக்குக் கிடையாது, ஐந்து நாள் முழு ஓய்வு. ஆனாலும் வரிசைப்படி அடுத்தவர் இரண்டாம் ஆள்தானே? சீரிஸ் முழுக்க ஏஸ் பெஞ்சில் சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்தார். ஐந்தாவது ஆட்டத்துக்கு வந்திருப்பார். ஐந்தாவது ஆட்டம்தான் வரவில்லை.

கிளீவ்லாந்து ஓனர்:
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சியாட்டில் ஓனர்:
இதை மாற்றித்தான் ஃபைல் அனுப்பினேன்! விமான நிலையத்தில் வைஃபை கிடைக்காமல் 40 நிமிடம் தாமதம். லீக்கை நடத்துகிற கமிஷனர் அதற்குள் ஆட்டங்களை ஓட்டிவிட்டார். நான் போனதால் அடுத்த சுற்றில் யாருக்கு லாபம்? 101 வெற்றி அணிக்குப் பதில் 84 வெற்றி அணியோடு மோதப்போவது யார்? மினசோட்டா. மினசோட்டா யாருடையது?

மினசோட்டா கமிஷனர்:
கெடு இரவு 9 மணி. 9:10 வரை காத்திருந்தேன், குழுவில் இரண்டு முறை கேட்டேன். ஜூனில் டெக்சஸ்காரன் ஃபைல் தாமதமானபோது "விதி விதிதான்" என்று எழுதியது யார்? தேடி எடுத்துப் போடட்டுமா?

சியாட்டில் ஓனர்:
ஜூனும் அக்டோபரும் ஒன்றா?

சிங்கப்பூரிலிருந்து பால்டிமோர்:
இங்கே காலை ஒன்பதரை, ஆபீஸில் ஒளிந்து படிக்கிறேன். தாமதத்தில் சியாட்டில் பக்கம் நியாயமில்லை. ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது, யாரும் கேட்காததால் கேட்கிறேன். பட்டனை அமுக்குவது அடுத்த சுற்றில் ஆடுகிற ஆள். முடிவு பிடிக்காவிட்டால் பழைய சேவ் ஃபைலை ஏற்றி மறுபடி ஓட்டலாம். நமக்கு எப்படித் தெரியும்?

மினசோட்டா கமிஷனர்:
நாலு வருடமாக ஓட்டுகிறேன். ஒரு தடவைகூட கோப்பை வாங்கியதில்லை. திருடனாக இருந்தால் இவ்வளவு மட்டமான திருடனா?

சிங்கப்பூரிலிருந்து பால்டிமோர்:
நீங்கள் செய்தீர்கள் என்று சொல்லவில்லை அண்ணா. செய்ய முடிகிற இடத்தில் ஆடுகிறவர் உட்காரக்கூடாது.

டெட்ராய்ட் அண்ணன்:
இதில் இவன் சொல்வதை நான் ஏற்கிறேன். நான் பகடை உருட்டி ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் ஆடி வந்தவன், 1961லிருந்து இருக்கிற பேஸ்பால் கார்டு ஆட்டம். மூன்று பகடை: ஒன்றில் 1, 2, 3 விழுந்தால் பேட்ஸ்மேன் கார்டைப் பார்க்கணும், 4, 5, 6 என்றால் பிட்சர் கார்டை. ஆக, ஏஸ் இருக்கிறாரா இல்லையா என்பது பாதி உருட்டல்களைத் தீர்மானிக்கும். அவரை மறந்தவன் சீரிஸ் நீளம் பற்றிப் பேசக்கூடாது, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பகடை உருளும்போது எதிராளி மேசைக்கு அந்தப் பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பான். சந்தேகத்துக்கே இடம் கிடையாது. இங்கே காலையில் எழுந்தால் முடிவு வந்து கிடக்கிறது. திரையைப் பகிர்ந்து, ஒரு ராத்திரிக்கு ஒரு ஆட்டம் ஓட்டுங்களேன். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது எல்லாரும் சேர்ந்து கத்தலாம். அதற்காகத்தானே லீக் வைத்தோம்?

ஓக்லாந்து கணக்குப்பிள்ளை:
ராத்திரிக்கு ஒரு ஆட்டம் என்றால் உலகத் தொடர் முடியத் தீபாவளி வந்துவிடும். இரண்டு இரண்டாக ஓட்டலாம். ஓட்டுவது வெளியேறிய ஒருவர், ஆடுகிறவர் யாரும் பட்டனைத் தொடக்கூடாது. சம்மதமா?

மினசோட்டா கமிஷனர்:
தாராளமாக. பாஸ்வேர்டைத் தருகிறேன், சாபமும் சேர்ந்து வரும். யார் ஓட்டுவது?

கிளீவ்லாந்து ஓனர்:
வெளியேறியவர்களில் இப்போது கையில் வேலையில்லாமல் இருப்பது ஒருவர்தான்.

சியாட்டில் ஓனர்:
சரி, ஓட்டுகிறேன். ஒன்பது ஆட்டக் கோரிக்கையை வாபஸ் வாங்கவில்லை, சீசன் முடிந்ததும் வாக்கெடுப்பு. இப்போதைக்கு: முதல் இரண்டு ஆட்டம் வியாழன். ஃபைல் நியூ ஜெர்சி நேரம் இரவு 9க்குள் வரணும். 9:01க்கு வருவதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டேன்.

மினசோட்டா கமிஷனர்:
வியாழன் எனக்கு விமானம்.

கிளீவ்லாந்து ஓனர்:
நான் இப்போதே அனுப்பிவிட்டேன். இரண்டு முறை.