மலம்புழா யட்சி சிலை: அம்மாவை அழைத்துப் போகலாமா?

பொள்ளாச்சிக்காரி:
பள்ளி லீவில் மகளையும் அம்மாவையும் மலம்புழாவுக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். அணை, ரோப்வே எல்லாம் இருக்கட்டும், எனக்கு யட்சி சிலையைத்தான் பார்க்க வேண்டும். மகளுக்குப் பன்னிரண்டு வயது, நன்றாக வரைவாள். அம்மாவுக்கு எழுபது. துணியில்லாத சிலையைப் பார்த்துச் சங்கடப்படுவாரோ என்று யோசனையாக இருக்கிறது. குடும்பத்தோடு போனவர்கள் சொல்லுங்களேன்.

எலப்புள்ளி வாசி:
தாராளமாகப் போகலாம். பாலக்காடு டவுனிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம் தாங்காது.

கொழிஞ்சாம்பாறை கொத்தனார்:
அக்கா, கட்டாயம் கூட்டிப் போங்கள். நானும் இதே தயக்கத்தோடுதான் என் அம்மாவை அழைத்துப் போனேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் தள்ளிப் போய்ப் புல்லில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவ மலையப் பாத்து உக்காந்திருக்கா, நம்மளக் கண்டுக்கவே இல்ல" என்றார். அதற்குமேல் சங்கடம் எதுவும் இல்லை. கிளம்பலாம் என்றபோது, இன்னும் கொஞ்சம் இரு என்றார்.

1969-ல் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் செய்த சிலை. சென்னை ஓவியக் கல்லூரியில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்தவர். 30 அடி உயரம், அத்தனையும் கான்கிரீட். நான் முப்பது வருடமாகப் பூச்சு வேலை பார்ப்பவன், அதனால் என் கண் முதலில் முழங்காலுக்குத்தான் போனது. சுவரென்றால் மணியாஸ் கட்டையை ஓட்டிச் சமப்படுத்திவிடலாம். உருண்டு வளைகிற இடத்தில் கட்டை ஓடாது, கலவை இறுகுவதற்குள் கையால்தான் தடவிக் கொண்டுவர வேண்டும். அந்தத் தொடையும் முழங்காலும் சேரும் இடத்தில் ஒரு திட்டு, ஒரு மேடு என் கண்ணுக்குப் படவில்லை. அந்த நாளில் அங்கே கலவை குழைத்த ஆட்களை நினைத்துக்கொண்டேன்.

துணியில்லாத சிலை என்று அந்தக் காலத்தில் எதிர்ப்பும் இருந்தது. இன்னொன்று, காலடியில் நின்று போட்டோ எடுத்துவிட்டு ஓடுகிறவர்களுக்குச் சிலையின் பாதிதான் கிடைக்கும். அங்கிருக்கும் மலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மழை விட்டு மலை தெளிந்த மறுநாள் போனால் இன்னும் நல்லது.

பொள்ளாச்சிக்காரி:
மனசு லேசாகிவிட்டது தம்பி. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, நடக்க முடியுமா?

கொழிஞ்சாம்பாறை கொத்தனார்:
சிலை இருக்கும் அணைத் தோட்டம் பெரிசு அக்கா, உட்கார்ந்து உட்கார்ந்து மெதுவாகப் போங்கள். யட்சியை முதலில் பார்த்துவிடுங்கள், மற்றதெல்லாம் முடிந்தால். இந்த அணை சென்னை ராஜ்யக் காலத்தில் கட்டியது, 1955-ல் காமராஜர் திறந்து வைத்தார் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். பாப்பாவிடம் பெரிய வரைதாளாகக் கொடுத்துவிடுங்கள். சின்ன நோட்டில் மலைக்கு இடம் பத்தாது.