பழைய யாஷிகா மேட் 124ஜி: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: குறைந்த செலவில் 6×6 (சுமார் 6 செ.மீ. சதுர நெகட்டிவ்) எடுக்க யாஷிகா மேட் 124ஜி என்ற இரட்டை லென்ஸ் ஃபிலிம் கேமராவைப் பார்க்கிறேன். ஃபிலிம் போடாமலே என்னென்ன சோதிக்கலாம்?

பதில் 1: முதலில் ஷட்டர். 1 நொடி, 1/2 நொடி வைத்துக் காதால் கேளுங்கள். பாதியில் திக்கினால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. சர்வீஸ் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள். பிறகு பின்கதவைத் திறந்து, 'பி'யில் (பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும்) ஷட்டரைப் பிடித்தபடி, எஃப்/3.5இல், அதாவது லென்ஸ் முழுதாகத் திறந்த நிலையில், டார்ச் அடியுங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். நாலு தூசிக்குப் பயப்படாதீர்கள்.

பதில் 2: நாம் பார்க்கும் மேல் லென்ஸும் படமெடுக்கும் கீழ் லென்ஸும் ஒரே இடத்தில் ஃபோகஸ் ஆகிறதா என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தில் ஒளி கசியும் மங்கலான டேப்பை இழுத்து ஒட்டி, 'பி'யில் திறந்து, தொலைவிலுள்ள கம்பத்தைப் பாருங்கள். மேல் திரையில் கூர்மையாகவும் டேப்பில் மங்கலாகவும் இருந்தால், எல்லாப் படமும் அப்படித்தான் வரும். டேப் தொய்ந்தால் சோதனையே தப்பு.

பதில் 3: வெளிச்சம் அளக்கும் மீட்டரை நம்பி வாங்காதீர்கள். அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கானது. அந்த பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் முள் கூடுதலாகக் காட்டி, நெகட்டிவில் விழும் வெளிச்சம் குறைந்து போகும். ஃபோனில் லைட் மீட்டர் ஆப் போதும்.