கராத்தேயில் கத்தாவை (தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்) ஓட்டமா ஓட்டுறான், குமிதேயில் (இருவர் மோதும் பயிற்சி) கோபப்படுறான். என்ன செய்யலாம்?

காரைக்குடி அப்பா:
பையனுக்கு 11 வயசு, ஷோட்டோகான் பாணிக் கராத்தே, மஞ்சள் பெல்ட். வீட்டு வளவில் ஹெயான் ஷோடான் கத்தாவை 20 நொடியில் முடித்துவிட்டு "ஆச்சு" என்கிறான். குமிதேயில் ஒரு அடி பட்டால் போதும், கண்டபடி கை வீசுகிறான். கராத்தே கற்றால் நிதானம் வரும் என்றார்களே?

கோட்டையூர் செந்தில்:
தானாக வராது அண்ணே. அந்தக் கத்தாவில் 21 அசைவு, சுமார் 40 நொடி ஆகும். அவன் விழுங்குவது பெரும்பாலும் திருப்பங்களில்தான் இருக்கும். 9-வது, 17-வது அசைவுகளில் கியாய் (உரத்த குரல்) போட்டதும் முக்கால் வட்டம் திரும்ப வேண்டும். அவசரத்தில் தலை மேலெழும், இரண்டு காலும் கயிற்றில் நடப்பதுபோல் ஒரே கோட்டில் விழும், தள்ளினால் சாய்வான்.

உங்கள் வளவில் பதித்த ஆத்தங்குடித் தரைக்கல்லே அளவுகோல். ஜென்குட்சுவில் (முன்கால் மடக்கி, பின்கால் நீட்டி நிற்கும் நிலை) இரண்டு பாதத்துக்கும் நடுவே அகலவாட்டில் ஒரு கல் இடைவெளி தெரிய வேண்டும். முன்காலில் நூற்றுக்கு 60 பங்கு எடை, முழங்கால் கட்டைவிரலுக்கு நேர் மேலே. தொடங்கும் கல்லில் சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள். கத்தா அங்கேயே முடியணும். தள்ளி முடிந்தால் எந்தத் திருப்பத்தில் பிசகியது என்று அவனே தேடட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். நிதானம் பழகுவது அந்தத் தேடலில்தான். ஒரு நாளைக்கு ஒரு பிழை போதும்.

தேவகோட்டை மீனாள்:
செந்தில் சொன்னது சரி, ஆனால் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்த தரையில் வேண்டாம். வேர்வை பட்டால் வழுக்கும். வழுக்குமோ என்ற பயத்தில் பிள்ளைகள் நிலையைக் குறுக்கிக்கொள்வார்கள், அதுவே பழகிவிடும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் வெறுங்காலோடு செய்யட்டும். காலுறை கூடவே கூடாது.

கோபத்துக்கு வருகிறேன். அடி பட்டதும் மூச்சைப் பிடித்துக்கொள்வான், தோள் காதுவரை ஏறும், அதன்பின் வருவது குத்தே இல்லை. அங்கேயே நிறுத்தி, யோய் நிலை (தயாராக நிற்பது), வணக்கம், மூக்கு வழியாக மூன்று நீள மூச்சு. பிறகு அதே தாக்குதலைப் பாதி வேகத்தில் மறுபடியும். கொஞ்ச நாளைக்கு கோஹோன் குமிதே மட்டும் போதும்: எதிராளி தாக்கத் தாக்க ஐந்து அடி எடுத்துவைத்துப் பின்வாங்கித் தடுத்து, ஐந்தாவதில் மட்டும் கியாகுசுகி (பின்கால் பக்கத்துக் கையால் குத்து). நாலு அடி பொறுத்திருப்பதுதான் அவனுக்குக் கஷ்டம்! எதிராளி உயரம் ஒத்தவனாக இருக்கணும், பெரிய பையனோடு விட்டால் பயம்தான் கோபமாக வரும்.

பள்ளத்தூர் மாணிக்கம்:
ஒரேயடியாக மெதுவாகவும் ஓட்டாதீர்கள், சலித்துவிடும். மெதுவாக இரண்டு, முழு வேகத்தில் ஒன்று. அடுத்த பெல்ட் தேர்வை ஒரு தடவை தள்ளிப்போட முடியுமா என்று மாஸ்டரிடம் கேளுங்கள், ஆனால் பையன் எதிரில் கேட்காதீர்கள்.