அண்ணாமலைப் பல்கலைக்கழக நூற்றாண்டு: பழைய படங்களும் கடிதங்களும் வேண்டும்

குழுவிலுள்ள ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் தொடங்கிய ஸ்ரீ மீனாட்சி கல்லூரியும், அதையடுத்து அவர் அங்கு நிறுவிய பிற கல்லூரிகளும் சேர்ந்து 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக உருப்பெற்றன. வரும் 2029இல் அதற்கு நூறு ஆண்டுகள் நிறைவதையொட்டி, நிறுவியவரின் ஊர்ப் பக்கத்திலும் ஒரு சிறு கண்காட்சி வைக்க நண்பர்கள் சிலர் முயன்று வருகிறோம்.

நிறுவனரின் படங்கள் எளிதில் கிடைத்துவிடும். எங்களுக்கு வேண்டியவை வேறு. 1930களிலும் 40களிலும் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து அங்கே போய்த் தமிழோ இசையோ அறிவியலோ படித்தவர்கள் விடுதியிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், கட்டணச் சீட்டுகள், பட்டமளிப்பு நாளில் அங்கி அணிந்து எடுத்துக்கொண்ட படங்கள் ஆகியவை வளவு வீட்டுச் சுவர்களிலும் பெட்டகங்களிலும் இன்னும் இருக்கக்கூடும். வீடு பங்கு பிரியும்போது பழைய தாள்கள்தாம் முதலில் எடைக்குப் போகின்றன என்பதால் (தேக்குத் தூணுக்கு இருக்கும் மதிப்பு கடிதத்துக்கு இல்லை) இப்போதே கேட்கிறேன்.

மூலத்தைத் தர வேண்டியதில்லை, நகல் போதும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரித்தால் மேற்பூச்சு உரிந்துவிடும் ஆதலால், சட்டத்தைக் கழற்றாமல், நிழலான பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் எடுத்து, படத்தில் இருப்பவரின் பெயரையும் ஊரையும் தெரிந்தவரை குறிப்பிட்டு அனுப்புங்கள். குடும்பத்தார் இசைவின்றி எதையும் காட்சிக்கு வைக்க மாட்டோம்.

மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடாமல் எழுதப்பட்ட பழைய கடிதங்களைத் தடையின்றி வாசிக்கக்கூடிய பெரியவர்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டு எனக்குத் தனிச்செய்தியில் தெரிவிக்க வேண்டுகிறேன்.